வலது மூலையில் ஒரு வெட்டு

நான் ஒரு மனிதரின் பெயரை அழித்தேன். கை தவறி அல்ல. தெரிந்து, திட்டமிட்டு, நாட்குறிப்பில் நேரத்தையும் குறித்துக்கொண்டு அழித்தேன்.

கோபத்தில் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. கோபம் வந்தவர்கள் கத்துவார்கள். கையில் கிடைத்ததை உடைப்பார்கள். நான் எதையும் உடைக்கவில்லை. பத்துச் சிறிய கண்ணாடிக் குழாய்களைக் கடைசியிலிருந்து முதலாக மாற்றி அடுக்கினேன். அவ்வளவுதான்!

பத்துக் குழாய்களை மாற்றி வைத்தால் ஒரு மனிதர் அழிந்துவிடுவாரா என்று நீங்கள் கேட்கலாம். அழிவார். அது எப்படி என்று புரிய, முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்... எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

என் பெயர் செலின். வயது நாற்பத்தேழு. ஃபேரர் பார்க்கில் மூன்றாம் மாடி வீடு. இருபது ஆண்டுகளாக ஒரு மீன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன்; ஒரு நாளும் விட்டதில்லை. மழை பெய்ததா, பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, அன்று என்ன வேலை செய்தேன்... இவை மட்டும். மனத்தில் பட்டதை எழுதுவதில்லை. அதனால் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

கெண்டை மீனின் ஓர் உயிரணுவில் ஏறக்குறைய நூறு குரோமோசோம்கள் உண்டு. அதன் உறவுக்கார மீன்கள் பலவற்றில் ஏறக்குறைய ஐம்பதுதான். மனிதன் என்று ஒருவன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, கெண்டையின் மூதாதை ஒன்றில் மரபணுக்கள் மொத்தமும் இரட்டித்துவிட்டன. ஒரு புத்தகத்தை அப்படியே இன்னொரு முறை அச்சடித்து, இரண்டையும் ஒரே அட்டைக்குள் தைத்துவிட்டதுபோல.

இரட்டித்த பிறகு என்ன ஆகும்? எங்கள் கூடத்தின் கேள்வி அதுதான்.

ஒரு வேலைக்கு ஒரு மரபணு போதும். அது தன் பழைய வேலையைத் தினமும் செய்துகொண்டிருக்கும். இரண்டாம் பிரதியை யாரும் கவனிப்பதில்லை. அதில் பிழை விழுந்தாலும் மீன் சாகாது. ஆகவே இரண்டாம் பிரதிகளில் பல பழுதாகி ஓய்ந்துபோகின்றன. ஆனால் சில... கவனிக்க ஆளில்லாத அந்தச் சுதந்திரத்தில், புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்கின்றன!

முட்டைக்குள் கரு வளரும்போது எந்தப் பிரதி எப்போது விழிக்கிறது? அதைக் கண்ணால் பார்க்க வழி ஒன்று இருந்தது. உருளைக்கிழங்கு மாவைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவைத்தால், அது அல்வாத் துண்டுபோல இறுகும். அதற்குப் பெயர் ஜெல். அதன் ஓரத்தில் இடமிருந்து வலமாகப் பத்துத் தடங்கள். முதல் தடத்தில் எட்டு மணி நேரக் கருவின் சாறு. பத்தாம் தடத்தில் ஐந்து நாள் குஞ்சின் சாறு. மின்சாரம் செலுத்தினால் சாற்றில் உள்ளவை ஜெல்லுக்குள் நகரும். பிறகு சாயம் ஏற்றினால் ஊதாக் கோடுகள் தெரியும். ஒரு மரபணுவுக்கு ஒரு கோடு. அதன் இரண்டாம் பிரதிக்கு, சற்றுத் தள்ளி, இன்னொரு கோடு.

சாயம் ஏற்றுவதற்கு முன் ஜெல்லை மெல்லிய கம்பியால் கிடைமட்டமாக அறுத்து, மேல்பாதி கீழ்ப்பாதி என இரண்டாக்க வேண்டும்; ஒவ்வொரு பாதிக்கும் வேறு வேறு சாயம். ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவத் திறந்து வைப்பது போல. கீழ்ப்பாதி அப்படியே கிடக்கும். மேல்பாதியைப் புரட்டிப் போடுவதால் அதில் இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். அந்தக் குழப்பம் வராமலிருக்க, அறுப்பதற்கு முன்பே, பத்தாம் தடத்தின் பக்கம் வலது மூலையை ஒரே வெட்டாக வெட்டிவிடுவேன். பிறகு எப்படிப் புரட்டினாலும் வெட்டு இருக்கும் பக்கம்தான் பத்தாம் தடம்.

இந்த ஒரு வெட்டுதான் இந்தக் கதை.

டாக்டர் ஞானசேகரன் எழுபத்தாறாம் ஆண்டு எங்கள் கூடத்துக்குத் தலைவராக வந்தார். வெளிநாட்டில் படித்தவர். கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். நன்றாகத் தமிழ் பேசுவார். எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவருடைய சிரிப்புகளில் யாராவது ஒருவர் அகப்பட்டுக்கொள்ள வேண்டும்... பெரும்பாலும் நான்.

முதல் வாரமே நான் மூலையை வெட்டுவதைப் பார்த்தார்.

"என்ன செலின், மொத துண்டு சாமிக்கா?"

ஏன் வெட்டுகிறேன் என்று கேட்கவில்லை. பிறகும் கேட்டதே இல்லை. இதை நினைவில் வையுங்கள்.

எழுபத்தெட்டாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு, நான் ஒன்றைப் பார்த்தேன். அதுவரை ஆழ்ந்து உறங்கிய ஓர் இரண்டாம் பிரதி, கருவின் கண்கள் கறுக்கத் தொடங்கும் நேரத்தில் விழித்தது! முந்தைய தடங்களில் ஒன்றுமில்லை. கண் கறுத்ததும் மெல்லிய ஊதாக் கோடு. கண்ணை மட்டும் தனியே நறுக்கி மறுபடி செய்தேன். கோடு அங்கே இருந்தது. உடலில் இல்லை. இரண்டாம் பிரதி கண்ணுக்கென்று ஒரு வேலையைக் கற்றுக்கொண்டிருந்தது.

மீனின் கண்ணை அப்படி நான் அதுவரை நினைத்ததில்லை. ஜெல்லைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனேன்.

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பத்து நொடிகூட இராது.

"அழுக்கு லா, செலின். கத்திய ஒழுங்கா கழுவலயா?"

"மூணு தடவ செஞ்சேன், டாக்டர். மூணுலயும் வருது."

"மூணு தடவயும் கழுவல போல!"

அறையில் இருந்த இருவர் சிரித்தார்கள். ஜெல்லைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

சில மாதங்களில் வெளியூர் விருந்தினர் ஒருவர் வந்தார். என் ஜெல்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தெளிவாக யார் செய்வது என்று கேட்டார். டாக்டர் என்னைக் கைகாட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழிலும் சொன்னார்: "நம்ம செலின் நல்லாக் கஞ்சி காய்ச்சும். அதான் ரகசியம்!"

அன்றிலிருந்து கூடத்தில் எனக்குப் பெயர் கஞ்சி செலின். சீன மாணவர்கள்கூடப் பொருள் தெரியாமல் 'கஞ்சி, கஞ்சி' என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். என்ன செய்ய!

இதற்காகவா ஒரு மனிதரை அழித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இதையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

எண்பதாம் ஆண்டு இங்கிலாந்தில் ஓராண்டுப் பயிற்சிக்கு ஓர் உதவியாளரை அனுப்பும் வாய்ப்பு வந்தது. விண்ணப்பித்தேன். தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். "கண்டிப்பா எழுதறேன் செலின், நீ போகாம யாரு போவா?" என்றார். கடிதத்தின் கார்பன் நகல் கோப்பில் சேர்ப்பதற்காக என் மேசைக்கே வந்தது. கூடத்தின் கோப்புகளைப் பராமரிப்பவள் நான்தான் என்பது அவருக்கு நினைவில்லையா... அல்லது நான் படிப்பேன் என்று தோன்றவில்லையா?

இரண்டே வரிகள். கைகள் சுத்தமானவை, சொன்னதைச் சொன்னபடி செய்வார். சிந்திக்க வேண்டிய வேலைகளுக்கு இவர் பொருத்தமானவர் அல்லர்.

அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: 'மழை. பேருந்து பதினைந்து நிமிடம் தாமதம். கடிதத்தைக் கோப்பில் சேர்த்தேன்.'

என்னை அனுப்பவில்லை. "என்ன பண்றது, மேல இருக்கவங்க முடிவு" என்றார் டாக்டர். என் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

அடுத்த ஆண்டு பெரிய வெள்ளி. கோவிலில் வழிபாடு முடிந்து வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது. கெண்டைக் கருக்களுக்கு விடுமுறை தெரியாதே... டாக்டர் தானே ஜெல் செய்வதாகச் சொன்னார். நான் இங்கே கரண்டியும் கையுமாக நின்ற அதே நேரத்தில், அங்கே அவர் என் கஞ்சியைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை ஏழு ஐம்பதுக்குக் கூடத்தைத் திறந்தேன். குளிர்ப்பெட்டியில் இரண்டு தட்டுகள். மேல்பாதியில் இரண்டாம் பிரதியின் கோடு முதல் தடத்தில் அடர்த்தியாக இருந்து, தடம் தடமாக மங்கி, பாதியில் மறைந்திருந்தது. நான் எழுபத்தெட்டில் பார்த்ததற்கு நேர் எதிர்.

தட்டுகளைப் பார்த்தேன். இரண்டிலும் வலது மூலையில் வெட்டு.

உங்களுக்குப் புரிகிறதா? அறுப்பதற்கு முன் வெட்டியிருந்தால், திறந்து வைத்த இரு பாதிகளில் வெட்டுகள் எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும். புத்தகத்தை மூடுவதுபோல மூடினால் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். மூடிப் பார்த்தேன். விழவில்லை. வலது மூலையை வெட்ட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. எப்போது என்பது தெரியவில்லை. அறுத்துப் புரட்டிய பிறகு, இரண்டு தட்டுகளிலும் பொறுப்பாக, வலது மூலையை வெட்டியிருக்கிறார்! மேல்பாதியை அவர் பின்னிருந்து முன்னாகப் படித்துவிட்டார்.

ஒரு வார்த்தை போதும். 'டாக்டர், இது புரண்டிருக்கு.' சொல்லத்தான் இருந்தேன். சத்தியமாக... வாயைத் திறந்துவிட்டேன்.

டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் மின்னியது.

"பாத்தியா? பாத்தியா செலின்? ரெண்டாவது காப்பிதான் மொதல்ல வேல செய்யுது! கருவோட ஆரம்பமே அதுதான். கண்ணு வர்ற நேரத்துல ரிட்டையர் ஆயிடுது. இது பெரிசு லா! ரொம்பப் பெரிசு!"

"டாக்டர்..."

"அன்னைக்கு நீ எதையோ தூக்கிட்டு வந்தியே, கண்ணு, கண்ணுன்னு? அது அழுக்குதான். இப்பத் தெரியுதா?"

என் வாய் மூடிக்கொண்டது.

"தெரியுது, டாக்டர்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தைகளை நான் இன்றும் ருசிக்கிறேன். மறைக்க மாட்டேன். கற்கண்டு போல இருந்தன.

இதுவரை என் குற்றம் மௌனம்தான். இதோடு நின்றிருந்தால் இதை எழுத மாட்டேன். 'இன்னும் ரெண்டு தடவ நீ செஞ்சு குடு, செலின்; ஒன் கையில வந்தாத்தான் எனக்கு நிம்மதி' என்றாரே அவர்...

செய்துகொடுத்தேன். மூலையை அறுப்பதற்கு முன்பே வெட்டினேன். எல்லாம் முறைப்படி. குழாய்களை மட்டும் மாற்றினேன். பத்தாம் குழாயின் சாறு முதல் தடத்தில்; முதல் குழாயின் சாறு பத்தாம் தடத்தில். அவருடைய தவறை என் கையால் உண்மையாக்கினேன்.

ஒரே ஒருவர் பார்த்தார். மாரிமுத்து அண்ணன். தொட்டிகளைக் கழுவி மீன்களுக்கு இரை போடுபவர். தேக்காவில் பிறந்து வளர்ந்தவர். வாளியோடு பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"என்னா தங்கச்சி, இன்னிக்கு வால்லேருந்து ஆரம்பிக்கிற?"

"சும்மா இருங்கண்ணே. எண்ணிக்கை தப்பிடும்."

"ஒனக்கா? எண்ணிக்கையா?" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு வெள்ளைத் தாளுக்கும் அடியில் ஒரு மஞ்சள் தாள் இருக்கும். இடையில் கார்பன் வைத்து எழுதினால் மஞ்சளில் நகல் விழும். வெள்ளை கூடத்தில் இருக்கும். மஞ்சளைக் கிழித்துத் தனியே வைப்பேன். அந்த இரண்டு நாள்களில் மட்டும் கார்பன் வைக்கவில்லை. வெள்ளைத் தாளில், முதல் தடம் எட்டு மணி நேரக் கரு என்று எழுதினேன். மஞ்சள் தாளில், முதல் தடம் ஐந்தாம் நாள் குஞ்சு, வேண்டுமென்றே மாற்றப்பட்டது, என்று எழுதிக் கையெழுத்திட்டு நேரமும் போட்டேன்.

ஏன் எழுதினேன்? பொய்யைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்யாமல் எனக்கு இருக்க முடியாதா? அல்லது... ஒருநாள் யாராவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா?

கட்டுரை வெளிவந்தது. பாராட்டு மேல் பாராட்டு. எண்பத்துமூன்றில் பெரிய மாநாடு ஒன்றில் பேச அழைத்தார்கள். வழியனுப்பக் கூடத்தோடு நானும் சாங்கிக்குப் போனேன். புதிய விமான நிலையம். தரை முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. டாக்டர் கோட்டு போட்டிருந்தார்.

"செலின், ஒனக்கு என்ன வாங்கிட்டு வர?"

"நல்லபடியா போயிட்டு வாங்க, டாக்டர். அது போதும்."

வெறுப்பை இவ்வளவு பணிவாகவும் பேச முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்த மாநாட்டிலேயே வேறொரு கூடத்தார் எழுந்து நின்றார்கள். அதே மீன், அதே மரபணு. அவர்களுக்கு நேர் எதிராக வந்திருக்கிறது. கண் கறுக்கும்போதுதான் இரண்டாம் பிரதி விழிக்கிறது என்றார்கள். படங்களைக் காட்டினார்கள். டாக்டர் தம் படங்களைக் காட்டினார்.

திரும்பி வந்தவர் நேரே என் மேசைக்கு வந்தார்.

"செலின், அந்த ரெண்டு ஜெல்லு... வரிச சரிதானே?"

"நோட்டுல எழுதியிருக்கேன், டாக்டர்."

குறிப்பேட்டைப் பிரித்தார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு தாமே ஜெல் காய்ச்சினார். இம்முறை எல்லாத் தடத்தையும் தாமே எண் போட்டார். கண் கறுத்த பிறகு, ஊதாக் கோடு. எழுபத்தெட்டில் அவர் அழுக்கு என்று சொன்ன அதே கோடு. வெளிச்சத்தில் வெகுநேரம் தூக்கிப் பிடித்திருந்தார். நான் குடுவைகளைக் கழுவிக்கொண்டே அவருடைய முதுகைப் பார்த்தேன். அது என் வாழ்வின் மிக இனிய பிற்பகல். எழுதவே கூசுகிறது... ஆனால் அப்படித்தான் இருந்தது!

ஒரு முறை தவறலாம். மூன்று முறை ஒரே மாதிரி எப்படித் தவறும்? வேண்டிய முடிவுக்காகச் சோடித்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. மூன்று பேர் கொண்ட குழு விசாரித்தது. மஞ்சள் தாள்களை யாரும் கேட்கவில்லை. வெள்ளைத் தாள் கையில் இருக்கும்போது அதன் நகல் எதற்கு? இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தார்கள். இரண்டாம் பிரதியைப் பற்றியே ஆயுளெல்லாம் ஆராய்கிற கூடத்தில்!

மாரிமுத்து அண்ணனையும் கூப்பிட்டார்கள். வெளியே நான் காத்திருந்தேன். கதவு திறந்து அவர் வந்தார்.

"என்னண்ணே கேட்டாங்க?"

"நீ என்னத்தப் பாத்தேன்னு கேட்டாங்க. நான் மீனுக்குத் தீனி போடுறவன் லா, எனக்கு என்னா தெரியும்னேன்." என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி, மீனு கூடவே இருந்து இருந்து எனக்கும் பேச்சு வரல போல."

அதற்குமேல் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுப் போகும்வரை பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடவும் இல்லை.

என்னையும் விசாரித்தார்கள். டாக்டர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். உங்கள் உதவியாளர் தடங்களை மாற்றி வைத்திருக்கலாமா என்று குழுவின் தலைவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் டாக்டர் பேசினார்.

'செலினால் முடியாது' என்றார். 'அவர் கையில் தவறு நடந்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்பவர். குழாய்களில் சீட்டு ஒட்டியது நான். தவறு இருந்தால் அது என்னுடையது. அவரை விட்டுவிடுங்கள்.'

என்னைக் காப்பாற்றினார்! கடிதத்தில் எழுதிய அதே வரியால்தான் காப்பாற்றினார். சிந்திக்கத் தெரியாதவள் சதி செய்வாளா? யாருக்கும் என்மேல் சந்தேகமே வரவில்லை. அவர் எனக்கு இழைத்த அவமானமே எனக்குக் கவசமாயிற்று.

நியாயமாக அப்போது நான் உடைந்திருக்க வேண்டும் அல்லவா? நீங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள். எனக்குள் ஏதோ உடைந்தது உண்மை. ஆனால் அது இரக்கம் அல்ல. 'இன்னும்கூட இந்த மனிதர் என்னைச் சிந்திக்கத் தெரியாதவள் என்றுதான் நினைக்கிறார்' என்ற ஆத்திரம்! நன்றி சொல்லி எழுந்து வந்தேன்.

அவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வேலையை விட்டார். அடுத்த ஆண்டு அந்த வெளிநாட்டுக் கூடத்தாரின் கட்டுரை நூலகத்துக்கு வந்தது. கெண்டையின் கண்ணில் விழிக்கும் இரண்டாம் பிரதி. நின்றுகொண்டே படித்தேன். நான் எழுபத்தெட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று இருபதுக்குப் பார்த்தது. அதில் யார் யாருடைய பெயர்களோ இருந்தன. அவரை மட்டுமா அழித்தேன்?

மாதம் ஒரு முறை பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிடுகிறேன். அயலாரிடம் பொறாமைப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன், வீட்டில் சினந்து பேசினேன்... எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு சொல்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. மனம் வருந்தாமல் கேட்கும் மன்னிப்பு செல்லாது என்பது எனக்குத் தெரியும். எதையும் முறைப்படி செய்து பழகியவள் அதில் மட்டும் ஏமாற்ற மாட்டேன்.

போன மாதம் ஞாயிறு. பூசை முடிந்து, சிராங்கூன் சாலையில் காய்கறி வாங்கப் போனேன். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கையில் கீரைக்கட்டோடு நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது.

"செலின்! அடையாளம் தெரியுதா?"

"தெரியாம என்ன, டாக்டர்."

"டாக்டர்லாம் போச்சு லா. இப்ப டியூஷன் வாத்தியாரு. தோ பாயோல வீட்டுலயே பிள்ளைங்க வருது. தவளை, மண்புழு, அவ்ளோதான்." சிரித்தார். இம்முறை அந்தச் சிரிப்பில் அகப்பட்டவர் அவர் மட்டும். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த மஞ்சத் தாளுங்க... ஒன்கிட்ட இருக்கா?"

காய்கறிப் பை கையில் கனத்தது.

"எதுக்கு, டாக்டர்?"

"கேஸ் நடத்தவா போறேன்? இல்ல. மொத ஜெல்லு நான் பண்ணது. அதுல தப்பு வந்திருக்கலாம். மத்த ரெண்டும் ஒன் கையி. அது எப்படித் தப்பாச்சு? தெனமும் யோசிக்கிறேன். நான் எங்க தப்புப் பண்ணேன்னு தெரிஞ்சாப் போதும், செலின். தெரிஞ்சா நிம்மதியா இருப்பேன்."

அவர் கண்களைப் பார்த்தேன். உண்மையில் அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஒரே ஒரு தாள்.

"ஸ்டோர் மாத்துனாங்கள்ல, டாக்டர்? அப்பவே எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க."

"ஓ..." தலையாட்டினார். "நீ பத்திரமா வெச்சிருப்பன்னு நெனச்சேன். சரி, நீ என்ன பண்ணுவ, பாவம்."

பேருந்து வந்தது. படியில் ஏறியவர் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு. ஒன் கையில தப்பு வந்ததே இல்ல. அத எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்!"

அன்றைய நாட்குறிப்பு: 'வெயில். பேருந்து பதினொன்று நாற்பதுக்கு வந்தது. டாக்டரைப் பார்த்தேன். கீரை வாங்கியிருந்தார்.'

மஞ்சள் தாள்கள் என் அலமாரியில், பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஓர் உறையில் போட்டு அனுப்பினால் நாளை மறுநாள் அவர் கையில் இருக்கும். ஏன் அனுப்பவில்லை?

வேலை போய்விடும் என்ற பயமா? அது கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பெரிய பயம் வேறு. அவர் என்னை மன்னித்துவிடுவார்! அந்த மனிதர் மன்னித்துவிடுவார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். பெரிய மனது பண்ணி, சிரித்து, 'போ லா செலின்' என்று சொல்லிவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார். அந்தத் தூக்கத்தை நான் கொடுக்க மாட்டேன்.

ஆனால் அனுப்பாதவரை இன்னொன்றும் நடக்கவில்லை. நான் சிந்திக்கத் தெரிந்தவள் என்பதற்கு இந்த உலகத்தில் உள்ள ஒரே சான்று அந்தத் தாள்கள்தான். அதைப் பார்க்க வேண்டிய ஒரே மனிதர் அவர். என்னைப் பற்றி அவர் எழுதிய வரி பொய் என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால், நான் என் பழியைக் கைவிட வேண்டும். பழி வேண்டுமானால், சாகும்வரை அவருக்கு நான் கஞ்சி செலின்தான்.

இரண்டையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். கீழே வைக்கத் தெரியவில்லை.

யாரும் கவனிக்காத பிரதி என்ன கற்றுக்கொள்ளும் என்று டாக்டர் ஆயுளெல்லாம் தேடினார். என்னைக் கேட்டிருக்கலாம்.

இதை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். இம்முறை இடையில் கார்பன் வைத்திருக்கிறேன். வெள்ளையில் இருப்பதுதான் மஞ்சளிலும் இருக்கிறது. வெள்ளை உங்களுக்கு. மஞ்சள் டப்பாவுக்கு. இரண்டையும் பிரிப்பதற்கு முன்பே, வலது மூலையை ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன்.

தோ பாயோவில் இருப்பவருக்குப் பிரதி இல்லை.